எட்டு எழுத்துப் பெட்டி

12.7.2007, வியாழன். தவறு என்னுடையது. திரையில் பெயர் வரும் பெட்டியை வரையும்போது மாதிரிக்கு அலுவலகத்துப் பெயர்களையே போட்டுப் பார்த்தேன். ஏலிஸ், கிளமான். இரண்டும் சின்னப் பெயர்கள்.

காலையில் இதை நோட்டில் எழுதிவிட்டுத்தான் நிர்மலாதேவி கலியமூர்த்தியின் மேசைக்குப் போனாள்.

கோரிமேட்டுப் பக்கம் ஒரு கண் மருத்துவமனை. உள்ளே போக வேண்டியவர் பெயரைக் காட்டும் திரை அவர்களுடைய வேலை. தோற்றம் அவள் பொறுப்பு, புரோகிராம் கலியமூர்த்தி பொறுப்பு. டோக்கன் நம்பரே போதும் என்று எல்லோரும் சொன்னபோது, அவள்தான் பிடிவாதமாக நின்றாள். கண்ணில் சொட்டு மருந்தோடு உட்கார்ந்திருப்பவர் சீட்டில் நம்பரை எப்படிப் படிப்பார்? பெயர் பெரிதாக வந்தால் பக்கத்தில் இருப்பவராவது கூப்பிட்டுச் சொல்வார்.

நேற்று மருத்துவமனையில் ஓட்டிப் பார்த்தார்கள். ஆங்கில எழுத்தில் ‘நாராயண’ என்று வந்ததும் இரண்டு பேர் எழுந்து நடந்தார்கள். ஒருவர் நாராயணசாமி, மற்றவர் நாராயணமூர்த்தி. எட்டு ஆங்கில எழுத்துக்கு மேல் வந்ததைத் திரை வெட்டிவிட்டது. முதலாளி கிளமான் ஒரே வார்த்தையில் முடித்தார்: “சனிக்கிழமை பிரெஞ்சு தேசிய நாள் பரேடு, நான் வர மாட்டேன். வெள்ளிக்குள்ள சரி பண்ணலன்னா பேரு வேணாம், நம்பர் போட்டுடுங்க.”

“அண்ணா, பேருக்கு முப்பது எழுத்து வேணும்,” என்றாள் கலியமூர்த்தியிடம்.

“நீ வரைஞ்ச பெட்டியில எட்டுதானே? எண்ணிப் பாத்துத்தான் டேட்டாபேஸ்ல எட்டு வச்சேன்.”

“எண்ணினீங்க, என்னைக் கேக்கலையே.”

“இப்ப மாத்த முடியாது. நீ கலர் பூசுற வேலையப் பாரு.”

புரோகிராம் கற்க லாஸ்பேட்டை மாலை வகுப்பில் அவள் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. சரியாகத்தான் புரிந்துகொண்டோமா?

“அளவை மாத்த ஒரே வரி போதும்னு கிளாஸ்ல சொன்னாங்க.”

“இன்னாம்மா, ரெண்டு மாசத்துல எனக்கே பாடமா? நாளைக்கு என் சேர்லயே உக்காந்துடுவ போல.”

“உங்க சேர் எனக்கு வேணாம். உங்க வேலை மொத்தமும் நான் கத்துக்கப் போறதில்ல. முடியாதா, இல்ல மனசில்லையா, அதைக் கண்டுபிடிக்கிற அளவுக்குப் படிச்சிருக்கேன்.”

கலியமூர்த்தி அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு கீபோர்டை இழுத்து ஒரு வரி அடித்தார். திரையில் நாராயணசாமி முழுசாக வந்தார். சிரித்துக்கொண்டே டோக்கன் சீட்டை அச்சிட்டார். அதில் மறுபடியும் ‘நாராயண’.

“ஒரே வரின்னியே?”

சீட்டை அவள் நினைக்கவே இல்லை.

“அப்ப ரெண்டு இடம். ரெண்டையும் மாத்துங்க.”

“உன் பெரிய எழுத்து திரைக்கு வெளிய போய் நிக்கும்.”

“அது என் வேலை. பேரை ரெண்டு வரியா மடிச்சு வரைஞ்சு தரேன். எழுத்து மட்டும் சின்னதாகாது.”

“சரி, முப்பதுன்னு யாரு சொன்னா?”

யாரும் சொல்லவில்லை. இதுவும் அவளாக எடுத்த குத்துமதிப்புதான், அதே தவறு.

“நாளைக்கு மதியம் கணக்கோட வரேன். அதுவரைக்கும் நம்பர் போடக் கூடாது.”

“மதியம். ஒரு நிமிஷம் தாண்டினாலும் நம்பர்தான்.”

மாலை வகுப்பு முடிந்ததும் நோட்டில் காலைக் குறிப்புக்குக் கீழே எழுதினாள்:

நாளை: எட்டு மணிக்குக் கோரிமேடு. மருத்துவமனைப் பதிவேட்டில் மூன்று மாதப் பெயர்களைப் பார்த்து, மிக நீளமானதை எண்ணிக்கொண்டு வர வேண்டும்.