நாற்பத்திரண்டு கோடுகள்

பிரேம்காரருக்குப் படம் என்றால் பதினெட்டுக்குப் பன்னிரண்டு அங்குலம். இல்லாவிட்டால் பதினான்குக்குப் பத்து. அதற்கு மேல் அதில் என்ன இருந்தாலும் அது கொண்டு வந்தவர் பாடு.

கல்யாணப் போட்டோ வரும். எண்ணெய் வர்ணத்தில் யாரோ ஒரு கொள்ளுத்தாத்தா முறைத்துக்கொண்டு வருவார். துணியில் நூலால் தைத்த கிளி, மரத்தில் செதுக்கி மையால் ஒற்றி எடுத்த மீன், ஏதோ ஒரு குழந்தை மெழுகுப் பென்சிலால் தீட்டிய ஊதா யானை, எல்லாம் வரும். அவர் மேஜைக்கு வந்துவிட்டால் யானையும் கொள்ளுத்தாத்தாவும் ஒன்றுதான். நீளம், அகலம், கனம்.

கடையில் தயாராக ஆறு அளவுகளில் பிரேம்கள் தொங்கும். படம் பிரேமைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் படத்தின் ஓரம் போய்விடும். போன ஓரத்தையும் வீணாக்க மாட்டார். பிஸ்கட் டின்னில் போட்டு வைத்து, வேறொரு பிரேமில் படம் ஆடாமலிருக்க முதுகுப் பக்கம் சொருகிவிடுவார்.

"ஒரு ஆளே வந்து உங்க மேஜையில படுத்தாலும், காலை வெட்டிட்டுத்தான் பிரேம் போடுவீங்க" என்பாள் கண்ணாடி துடைத்துக்கொண்டிருக்கும் அவர் மனைவி. இருபத்தாறு வருஷமாக அதே கேலி. இருபத்தாறு வருஷமாக அவரும் சிரித்துக்கொண்டே வெட்டியிருக்கிறார்.

ஒரு திங்கட்கிழமை ஒரு பெண்மணி வந்தார். ஆஸ்பத்திரி நர்ஸ், சீருடையோடுதான் வந்தார். தலையணை உறைக்குள் வைத்து கரித்துண்டால் வரைந்த ஓர் ஓவியம் கொண்டு வந்திருந்தார். ஜன்னலோரத்தில் ஒரு நாற்காலி, அதன் முதுகில் மடித்துப் போட்ட துண்டு. அவ்வளவுதான்.

"என் வீட்டுக்காரர் வரைஞ்சது அண்ணே. முழுசா வரணும்."

"சரிம்மா" என்றார் பிரேம்காரர். அப்போது அவர் காதுக்கும் தோளுக்கும் நடுவே போன் இருந்தது. மறுமுனையில் பல் டாக்டர், அருவிப் படம் எப்போது கிடைக்கும் என்று குடைந்துகொண்டிருந்தார்.

அன்று மத்தியானமே ஓவியத்தை எடுத்தார். பதினெட்டுக்குப் பதினான்கு. பன்னிரண்டு பிரேமுக்கு இரண்டு அங்குலம் அதிகம். அடியில் பார்த்தால் வெறும் கிறுக்கல், வரிசையாக நெட்டைக் கோடுகள். கரித்துண்டின் முனையைச் சோதித்துப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தார். இரும்பு அளவுகோலை வைத்தார், கத்தியை இழுத்தார். ஒரே இழுப்பு. துண்டு டின்னுக்குள் விழுந்தது.

புதன்கிழமை நர்ஸம்மா போன் செய்தார்.

"அண்ணே, கீழ கோடு கோடா இருக்குல்ல, அது நல்லாத் தெரியற மாதிரி போட்டுடுங்க. படத்தைவிட அதுதான் முக்கியம்."

பிரேம்காரரின் கண் பிஸ்கட் டின்னுக்குப் போனது.

"அவரு துணி ஆலையில டிசைன் வரையறவரு. பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயிடுச்சு. அப்புறம் இடது கையால பழகினாரு. ஒரு நாளைக்கு ஒரு கோடு. நாற்பத்திரண்டு நாள். மொதக் கோடு புழு மாதிரி நெளியும், கடைசி ஊசி மாதிரி நிக்கும். அதுக்கப்புறம்தான் மேல அந்த நாற்காலி. போனை வெச்சிடட்டுமா அண்ணே?"

போனை வைத்ததும் டின்னைக் கவிழ்த்தார். கல்யாண மண்டபத்து ஓரம், யானை வால், வானத்துத் துண்டுகள். கோடுகள் இல்லை.

"நீளமா, கெட்டிக் காகிதமா ஒண்ணு இருந்துச்சே?" என்றாள் மனைவி. "அதை ரெண்டா வெட்டி பல் டாக்டர் படத்துக்குப் பின்னாடி சொருகினீங்களே. அருவி ஆடுதுன்னு."

அரைமணி நேரத்தில் பல் டாக்டரின் கிளினிக் வாசலில் நின்றார் பிரேம்காரர். நோயாளிகள் தாடையைப் பிடித்தபடி அருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆணி சரியில்ல டாக்டர். கழட்டி மாட்டித் தர்றேன்."

"நேத்துதானே மாட்டினீங்க? என் வேலைதான்யா புடுங்கறது. நீங்க எப்ப ஆரம்பிச்சீங்க?"

நோயாளிகள் சிரித்தார்கள். ஒருவர் வலியில் பாதியோடு நிறுத்திக்கொண்டார். பிரேம்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று முதுகுப் பலகையைக் கழற்றினார். இருந்தன, இரண்டு துண்டுகளும். ஒன்றில் புழுக்கள். மற்றதில் ஊசிகள். சட்டைக்குள் வைத்துக்கொண்டு திருடன் போல நடந்தார்.

கடையில் இரண்டையும் மேஜைமேல் பரப்பிக் குனிந்து பார்த்தார். இத்தனை வருஷத்தில் ஒரு படத்தை அப்படி அவர் பார்த்ததில்லை. ஒன்பதாவது கோடு பாதியிலேயே நின்றிருந்தது. அன்றைக்கு முடியவில்லை போலும். பத்தாவது, அதைவிடக் குட்டை. பதினொன்றாவது எழுந்து நின்றது. ஒரு மனிதன் தரையிலிருந்து சுவரைப் பிடித்து எழுவதைப் பார்ப்பது போலிருந்தது. அந்தச் சுவரைத்தான் அவர் ஒரே இழுப்பில் இடித்திருந்தார்.

எழுந்து போய்க் கடையில் மாட்டியிருந்த படங்களைப் பார்த்தார். எந்தெந்த ஓரத்தில் எதெது போனதோ! ஊதா யானைக்கு வால் இல்லை.

"இப்படியே உக்காந்திருந்தா ஒட்டிக்குமா?" என்றாள் மனைவி. "படத்து மேல வைக்கிற மவுண்ட் அட்டையில, மேல ஒரு பெரிய ஜன்னல், கீழ ரெண்டு சின்ன ஜன்னல் வெட்டுங்க. வெட்டின எடமெல்லாம் அட்டைக்குள்ள போயிடும். வேணும்னே போட்ட டிசைன்னு நெனப்பாங்க."

வெட்டினார். அழகாகத்தான் வந்தது. இதுவரை அவர் கையில் இத்தனை அழகாக எதுவும் வந்ததில்லை. அதுதான் இன்னும் உறுத்தியது.

சனிக்கிழமை நர்ஸம்மா வந்து பார்த்துவிட்டு வாயில் கை வைத்துக்கொண்டார்.

"அண்ணே! கோட்டுக்குத் தனியா ஜன்னலா! எனக்குத் தோணவே இல்லையே. உங்களுக்கும் கலைஞன் மனசுண்ணே."

மனைவி பின்னாலிருந்து அவர் முதுகில் ஒரு விரலால் குத்தினாள். பேசாமல் இரு என்று அர்த்தம். அவரும் பேசாமல்தான் இருந்தார். நர்ஸம்மா பிரேமைத் தலையணை உறைக்குள் நுழைத்தார். வாசற்படி வரை போய்விட்டார்.

"அம்மா, நில்லுங்க. கலைஞனும் இல்ல, கத்தரிக்காயும் இல்ல. நான் வெட்டிட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னார். போன், டின், அருவி, பல் டாக்டர். நர்ஸம்மா படியிலிருந்து திரும்பி வந்தார். பிரேமை மேஜைமேல் வைத்து, "அட்டையை எடுங்க" என்றார்.

"எடுத்தா வெட்டினது தெரியுமே."

"தெரியட்டும். கை கோணினதை அவரு மறைக்கல. உங்க கை செஞ்சதை மட்டும் எதுக்கு மறைக்கணும்? எடுத்துக்கிட்டு எங்கூட வாங்க. அவர்கிட்ட நீங்களே காட்டுங்க."

இரண்டு தெரு தள்ளி, மாடியில் வீடு. ஓவியத்திலிருந்த நாற்காலியிலேயே, அதே ஜன்னலோரத்தில் அந்த டிசைன்காரர் உட்கார்ந்திருந்தார். முதுகுப் பக்கத்துப் பழுப்பு அட்டைமேல் மூன்று துண்டுகளையும் வைத்து, கண்ணாடி இல்லாமல், அவர் மடியில் வைத்தார் பிரேம்காரர். துண்டுகளுக்கு நடுவே விரலகலத்துக்கு அட்டை தெரிந்தது.

"நான்தாங்க வெட்டினேன். முழுசா வரணும்னு உங்க வீட்டம்மா சொன்னாங்க. நான் காதுல வாங்கல."

டிசைன்காரர் நெடுநேரம் பார்த்தார். முகத்தின் ஒரு பாதி அசையவில்லை; மறு பாதி என்ன நினைக்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு அறை விட்டிருந்தால் தேவலை என்றிருந்தது பிரேம்காரருக்கு.

இடது கை மெல்ல நீண்டு கரித்துண்டை எடுத்தது. கீழே, புழுக்களுக்கும் ஊசிகளுக்கும் நடுவே, அந்த வெற்று அட்டையில் ஒரு கோடு போட்டது. நேரான கோடு. பிறகு கரித்துண்டைப் பிரேம்காரரிடம் நீட்டியது.

அவர் வலது கையால் வாங்கப் போனார். டிசைன்காரர் கரித்துண்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, பிரேம்காரரின் இடது கையைக் கண்ணால் காட்டினார்.

அளவுகோல் இல்லாமல் ஒரு கோடு கூடப் போட்டறியாத மனிதர், இடது கையில் கரித்துண்டைப் பிடித்தார். இரண்டு அங்குலம்தான். வியர்த்துவிட்டது. கோடு கிளம்பி, வளைந்து, நடுங்கி, பக்கத்துக் கோட்டின் மேல் போய் விழுந்தது.

"மொத நாள் இவருதும் இப்படித்தான் இருந்துச்சு" என்றார் நர்ஸம்மா. குரலில் கோபம் இன்னும் போகவில்லை. "இதை இப்படியே பிரேம் போடுங்க. ஓரம் வெட்டாம."

அட்டையோடு சேர்த்து அந்த அளவுக்கு அவரிடம் பிரேம் கிடையாது. கடைக்குத் திரும்பியதும் நீளமான கட்டையை எடுத்துப் புதிதாக அளக்க உட்கார்ந்தார்.

"மன்னிச்சுட்டாங்களா?" என்று கேட்டாள் மனைவி.

"தெரியல" என்றார். "நான் போட்ட கோட்டைச் சுவத்துல மாட்டப் போறாங்க. வர்றவங்கல்லாம் அது யாரு போட்டதுன்னு கேப்பாங்க."