ஐஸ் வாளியில் வலது கை

டாக்டரம்மா "தெரியாது" என்று சொன்னதுதான் கொக்கியை உலுக்கிவிட்டது. கட்டடங்களில் கம்பி கட்டுகிறவர் கொக்கி. கட்டுக்கம்பியை முறுக்கும் கொக்கியை எந்நேரமும் இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்ததில் ஒட்டிக்கொண்ட பெயர். சாரம் தாங்குமா என்று கேட்டு, மேஸ்திரி "தெரியாது" என்றால் அதில் எவனும் கால் வைக்க மாட்டான். அவர் பழகிய "தெரியாது" அதுதான்.

டாக்டரம்மா ஒளிவுமறைவில்லாமல்தான் பேசினார். "புத்துநோய்க் கட்டிய எடுத்தாச்சு. ஆனா பக்கத்து நெறிகட்டிலயும் கொஞ்சம் இருந்துச்சு. திரும்ப வரலாம், வராமலும் போகலாம். பெருங்குடல்ல வந்திருந்தா, இத்தனை பேருக்கு மருந்து கேட்டுச்சுன்னு கணக்கு சொல்லுவேன். உங்களுக்கு வந்தது சிறுகுடல்ல. அது அபூர்வம். அதனால பெருங்குடலுக்குக் குடுக்குற கீமோவத்தான் இதுக்கும் குடுக்குறோம். பலன் இருக்கும்னு நம்புறோம். உறுதியாத் தெரியாது. விரல் மரத்துப்போகும். பல பேருக்கு மெல்லச் சரியாகும், சில பேருக்கு அப்படியே தங்கிடும்."

பஸ்ஸில் மனைவி ஆரம்பித்தாள். "ஊர்ல இவ்வளவு பேர் இருக்க, அபூர்வம் உன்னத் தேடித்தான் வரணுமா? சரி, வந்துருச்சு. மருந்தப் போட்டுக்க."

"எதுக்குக்கா?" என்றான் பின்சீட்டிலிருந்து அவள் தம்பி. அவன் கொத்தனார். "கேக்குமா கேக்காதான்னு அவங்களுக்கே தெரியல. கை போச்சுன்னா மாமா என்ன பண்ணுவாரு?"

"நம்புறோம்னும் சொன்னாங்களே, அது உன் காதுல விழலையா?"

ஒரே அறையில் உட்கார்ந்திருந்த மூன்று பேரும் மூன்று டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததுபோல் இருந்தது. விரல் என்ற சொல்லுக்குப் பிறகு கொக்கியின் காதில் எதுவும் ஏறவில்லை.

மறுநாள் காலை மீன்கடையில் ஐஸ் வாங்கி வந்து வாளியில் கொட்டினார். வலது கையை மணிக்கட்டு வரை முக்கினார்.

"இது என்ன கூத்து?" என்றாள் மனைவி.

"மரத்த கை வேலை செய்யுமான்னு பாத்துடுறேன். அப்புறம் பேசு."

வலித்தது, எரிந்தது, பிறகு ஒன்றுமே இல்லாமல் போனது. யாருடைய கையோ தோளில் தொங்குவதுபோல் தூக்கிக்கொண்டுபோய், தரையில் குறுக்கும் நெடுக்குமாக வைத்திருந்த இரண்டு கம்பித் துண்டுகளைக் கட்டினார். கட்டுக்கம்பி சுற்றியது, கொக்கி திரும்பியது. மச்சினன் பிடித்து ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை.

"கல்லு மாதிரி நிக்குது. தாராளமாப் போட்டுக்கங்க மாமா."

அப்போதுதான் மனைவி தரையைப் பார்த்தாள். ரத்தம். கம்பி முனை கட்டைவிரலில் ஏறி நின்றது. அவருக்குத் தெரியவே இல்லை.

"வேணாய்யா," என்றாள் அவள். "இந்தக் கையோட கம்பிக்கு நடுவுல நிப்பியா? வேணாம்."

வேண்டாம் என்றவன் போடு என்கிறான். போடு என்றவள் வேண்டாம் என்கிறாள். கொக்கி இருவரையும் விட்டுவிட்டு விரலையே பார்த்தார். வயிற்றுக்குள்ளும் இப்படித்தானே ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தது. மாதக்கணக்கில் மூட்டை தூக்கினார், கம்பி சுமந்தார், வயசாகிறது என்று நினைத்துக்கொண்டார். குடல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது சொல்லாமல் இருக்கப்போவது எது, கையா, குடலா? கையில் குத்தினால் ரத்தமாவது வெளியே தெரிகிறது.

அடுத்த முறை போனபோது டாக்டரம்மா கேட்பதற்கு முன்னாலேயே கொக்கி சொன்னார், "போடுங்க." சரியாகத்தான் சொன்னோமா என்பது சொன்ன பிறகும் விளங்கவில்லை.

"விரல் மரக்க ஆரம்பிச்சா உடனே சொல்லுங்க. அந்த ஒரு மருந்தக் குறைக்கலாம், தேவைப்பட்டா நிறுத்தலாம்."

"சொல்றேன்மா."

"யாரு, இவரா?" என்றாள் மனைவி. "கம்பி குத்தினதே தெரியாம உக்காந்திருந்த ஆளு. மரத்தா இவருக்கு எப்படிம்மா தெரியும்?" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஊசி ஏற்றக் கிடந்த அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "தினம் நான் கிள்ளிப் பாத்துச் சொல்றேன்."

அங்கேயே ஒரு கிள்ளு கிள்ளினாள். வலித்தது. நாளைக்கும் வலிக்குமா என்று தெரியாமல் கொக்கி கையை அங்கேயே விட்டுவைத்தார்.