வெள்ளைச்சாமியின் வலது கை

காலரா ஊசி போட்டுக்கொண்ட மறுநாள் காலையில் வெள்ளைச்சாமியின் வலது கை நடுங்கத் தொடங்கியது. சுரங்கத்தில் மண் அள்ளும் பெரிய மெஷினை ஓட்டுகிறவருக்குக் காபி டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. அந்த வருஷம் மழைக்குப் பிறகு சுரங்கக் குடியிருப்பில் பிளாக் பிளாக்காக எல்லாருக்கும்தான் ஊசி போட்டார்கள். மற்றவர்களுக்கு இரண்டு நாள் காய்ச்சலோடு சரி.

அவர் மனைவி தனபாக்கியம் முதலில் ஊசியைத்தான் சந்தேகப்பட்டாள். "மருந்துல என்னத்தக் கலந்தாங்களோ" என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னாள். ரத்தம் சோதித்தார்கள், படம் எடுத்தார்கள். எதிலும் ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு மாதமாக அவர் லீவில் இருந்தார்.

ஒருநாள் மத்தியானம், கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் தற்செயலாக ஜன்னல் வழியே பார்த்தாள். அவர் ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை கேட்டபடி வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். வலது கை துளிகூட ஆடவில்லை. அவள் உள்ளே வந்ததுதான் தாமதம், நடுக்கம் திரும்பிவிட்டது.

மனசு கேட்காமல் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அமிர்தத்திடம் சொன்னாள்.

"அப்ப லீவுக்காக நடிச்சிகினு இருக்காருன்னு சொல்லுங்கக்கா" என்றாள் அமிர்தம்.

அமிர்தத்தின் கணவருக்குச் சுரங்க ஆபீசில் வேலை. பத்தே நாளில் மெமோ வந்தது: நடுக்கம் உண்மைதானா என்று டாக்டர் பார்த்துச் சொல்லவேண்டும்.

"யாரோ போட்டுக் குடுத்திருக்கான் தனம்" என்றார் வெள்ளைச்சாமி. "அடுத்த ஷிப்டு ராமலிங்கமாத்தான் இருக்கும். என் மெஷின் மேல அவனுக்கு எப்பவும் ஒரு கண்ணு."

தனபாக்கியம் மெமோவை மடித்து அலமாரியில் வைத்தாள்.

ஆஸ்பத்திரியில் புது டாக்டரம்மா அவரை இடது கைவிரல்களால் மேஜையில் தாளம் போடச் சொன்னார். தாளத்தில் அவர் கவனம் போனதும் வலது கை அடங்கியது. மாட்டிக்கொண்டார் என்று தனபாக்கியம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இதுதான் இந்த வியாதியோட அடையாளம்" என்றார் டாக்டரம்மா. "நரம்பு நல்லாத்தான் இருக்கு. அதை ஓட்டுற விதத்துலதான் மூளை தடுமாறுது. கவனம் வேற பக்கம் போனா நின்னுடும். ஊசி மருந்து கையைக் கெடுக்கல. குத்தின வலியும் பயமுமே சில பேருக்கு இப்படி ஆரம்பிச்சு வச்சிடும்."

"அப்ப நான் நடிக்கலைங்களே?" என்று கேட்டார் அவர்.

"இல்லைங்க. நடிப்பே இல்லை. பயிற்சி சொல்லித் தரேன், சரியாயிடும்."

பஸ் ஸ்டாப்பில் தனபாக்கியம் சொன்னாள்: "ராமலிங்கம் இல்லீங்க. நான்தான் அமிர்தத்துகிட்டச் சொன்னேன்."

அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டார். பஸ் வந்ததும் முன்னால் ஏறிப்போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டார்.

மூன்று மாதத்தில் கை தேறி ஷிப்டுக்குப் போனார். வீட்டில் பேச்சும் மெல்லத் திரும்பியது. ஆனால் "இன்னைக்கு உடம்பு எப்படி இருக்கு?" என்று அவள் கேட்கும்போதெல்லாம், யாருக்குச் சொல்வதற்காகக் கேட்கிறாள் என்று பார்ப்பதுபோல அவள் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.