சுவிட்ச் கீழே இருக்கிறது

1

இந்தக் கதை ஒரு பழைய காரின் வைப்பர் மோட்டாரிலிருந்து பிறந்தது. இதைச் சொல்வதில் சலேஹாவுக்கு வெட்கம் ஒன்றுமில்லை. கடற்கரையில் காற்று வாங்கும்போது கதை உதித்தது என்று வாசகர் கூட்டத்தில் அளந்துவிடுகிறவர்களின் கதைகளை அவள் படித்திருக்கிறாள். மோட்டாரே மேல்.

முதல் வரியை இப்படித் தொடங்கினாள்: ‘சுலைமானுக்குச் சின்ன வயதிலிருந்தே கருவிகள்மேல் தீராத காத—’

(வேண்டாம். காதலாம்! அவள் கணவர் காதலிப்பது தன் கைவேலையைப் பிறர் புகழ்வதை மட்டும்தான்.)

2

நடந்தது இவ்வளவுதான். ஜெலுத்தோங்கில் அவர்கள் வீட்டுக் கூரைக்கடியில் ஒரு பரண். உட்கார்ந்து எழுத ஓரிடம் வேண்டுமென்று சலேஹா அதைக் கூட்டிப் பெருக்கி மேசை போட்டாள். பரண் கதவு கீழ்நோக்கித் திறக்கும் கனத்த பலகை. “லேசான பலகையா மாத்தினாப் போதுங்க” என்றாள். பாயான் பாரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் சுலைமானுக்கு அது கௌரவக் குறைச்சல்.

“கடையில ஆட்டோமேட்டிக் கதவு வாங்குறவன் மடையன் லா. கழிச்சுப் போட்ட சாமான்லயே செஞ்சு காட்டுறேன் பாரு.”

செய்தும் காட்டினார். பரணுக்குள் அந்த வைப்பர் மோட்டார், அதில் சுற்றிய நைலான் கயிறு கதவைத் தாங்கும். மோட்டார் ஒரு பக்கம் சுற்றினால் கதவு இறங்கும், மறுபக்கம் சுற்றினால் ஏறி மூடிக்கொள்ளும். சுற்றாதபோது எவ்வளவு தள்ளினாலும் அசையாது. பேட்டரியும் சுவிட்சும் கீழே, கூடத்துச் சுவரில்.

மேலே சுவிட்ச் இல்லை.*

* கேட்டாள். “மேல எதுக்கு? கூப்பிட்டா நான் அமுக்க மாட்டேனா?” என்றார்.

3

(இந்தப் பாத்திரம் நம்பும்படி இல்லை, படித்த மனிதர் இப்படியா நடந்துகொள்வார் என்று யாராவது சொல்வார்கள். அவர்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகியிருக்காது.)

அன்றிலிருந்து கதவு அவர் நினைத்தபோதெல்லாம் திறந்தது. தேநீர் வேண்டுமா, திறந்தது. கார்ச் சாவியைக் காணோமா, திறந்தது. பாதி வாக்கியத்தில் சலேஹா ஏணியில் இறங்கினாள். திரும்பி ஏறும்போது மீதி வாக்கியம் மறந்துபோயிருந்தது. ஒரு கதைகூட முடியவில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாசி கண்டார் சோற்றுக்கடைக்கார ஹமீது வந்தார். அப்போது சலேஹா மேலே இந்த மூன்றாம் பகுதியை எழுதிக்கொண்டிருந்தாள். கதவு இறங்கியது.

“பாத்தீங்களாண்ணே? சலேஹா, கை காட்டு!”

காட்டினாள், மிருகக்காட்சிசாலைக் குரங்கு காட்டுவதுபோல.

“மூளைக்காரன் லா நீ!” என்றார் ஹமீது.

“இப்ப மூடுறதைப் பாருங்க. மறுபடி திறந்ததும் அவ இறங்கி வந்து நமக்குத் தே கலக்குவா.”

கதவு மூடிக்கொண்டது.

4

முதல் முடிவு: சுலைமான் மனம் திருந்தி மேலே ஒரு சுவிட்ச் வைக்கிறார். (சிரித்து முடித்துவிட்டீர்களா?)

இரண்டாம் முடிவு: கயிறு அறுந்து கதவு ஹமீதின் தலையில்... பாவம், அவர் தே குடிக்க வந்தவர்.

மூன்றாவதில் சலேஹா மோட்டாரிலிருந்து ஒயரைப் பிடுங்கிவிட்டாள்.

கீழே சுவிட்ச் டக், டக்கென்றது.

“சலேஹா! மோட்டார் ஓடலையே!”

“ஃபியூஸ் போயிருக்கும் தம்பி.”

“ஃபியூஸே வைக்கலண்ணே.”

“நல்லாப் பாருங்க” என்றாள் சலேஹா மேலிருந்து. வெளியே போகத்தான் அவர் தயவு வேண்டும், உள்ளே இருக்க அது தேவையில்லை என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. தகரக் கூரை கொதித்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு எழுதினாள்.

முடிவு கேட்கிறவர்கள் கீழே போய்ச் சுலைமானோடு அண்ணாந்து பார்த்தபடி நிற்கலாம். கூடத்தில் இடம் இருக்கிறது. இவள் இன்னும் எழுதி முடிக்கவில்லை.