விசில் நின்ற எஞ்சின்

ஹோட்டல் மெனேஜர் மாணிக்கவாசகத்தின் வேன் ரிப்பேர் கடை வாசலில் வந்து நின்றபோது நாகமுத்து தலையைத் தூக்கவில்லை. மேசைமேல் கிடந்த பொம்மை எஞ்சினின் வயிற்றுக்குள் கடைசி வயரை ஒட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தால் கையிலிருக்கும் சூடான சோல்டரிங் அயனை அந்த முகத்தில் வைத்துவிடுவோமோ என்று அவனுக்கே பயமாக இருந்தது.

எஞ்சின் சீகிரியா ஹோட்டலுடையது. சாப்பாட்டு மண்டபத்தைச் சுற்றி, வெள்ளைக்காரப் பிள்ளைகள் பார்க்கவென்று ஓடுவது. அதற்குள் தீக்குச்சி நீளத்தில் ஒரு சர்க்கிட் தட்டு இருந்தது. டீகோடர் என்று பெயர். தண்டவாளம் வழியாக வரும் கட்டளையைப் படித்து எஞ்சினை ஓட்டுவதும் அதுதான், புகை தள்ளும் சத்தத்தையும் விசிலையும் எழுப்புவதும் அதுதான். ஒருநாள் ரயில் ஓடியது, சத்தம் மட்டும் நின்றுபோனது. மாத்தளையிலிருந்து நாகமுத்துவைக் கூப்பிட்டார்கள். டீகோடரை ஆரம்ப நிலைக்குத் திருப்பிப் பார்த்தான், சத்த அளவைக் கூட்டிப் பார்த்தான். மூச்சில்லை. மீட்டரை வைத்தபோதுதான் ஸ்பீக்கரின் சுருள் அறுந்திருப்பது தெரிந்தது. போதாததற்கு ஒரு வயரின் தோல் உரிந்து எஞ்சினின் உலோக உடம்பில் உரசிக்கொண்டிருந்தது. அதைக் கவனிக்காமல் புது ஸ்பீக்கரைப் போட்டால் டீகோடரே எரிந்துவிடும்.

"கடைக்குக் கொண்டு போயித்தான் செய்யணும் சேர். பழைய போன் ஸ்பீக்கர் ஒண்ணு அளவா இருக்கும்."

"கொண்டு போ" என்றது இதே மாணிக்கவாசகம்தான். எஞ்சினுக்குக் கட்டளை அனுப்பி ஓட்டுகிற பெட்டியையும் சேர்த்துக் கொடுத்தனுப்பினார்.

பஸ்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த வருடம் அது. வரும் வழியில் செக்பொயின்டில் நாகமுத்துவின் பையைத் திறந்தார்கள். சிவப்பும் கறுப்பும் ஊதாவுமாய் வயர்கள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தட்டு, தமிழ்ப் பெயரோடு ஓர் அடையாள அட்டை. ஆமிக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? நாகமுத்து சிங்களத்தில் நிதானமாகத்தான் சொன்னான், பொம்மை ரயில் என்று. ஹோட்டலுக்குப் போன் எடுத்துக் கேட்டுப் பார்க்கச் சொன்னான். சார்ஜன்ட் எல்லோருக்கும் கேட்கும்படி போனைச் சத்தமாக வைத்தே பேசினார். அந்தப் பக்கத்திலிருந்து மாணிக்கவாசகத்தின் குரல் சிங்களத்தில் சொன்னது, அப்படி யாரையும் எங்களுக்குத் தெரியாது என்று.

அதற்குப் பிறகுதான் அடித்தார்கள். அதுவரைக்கும் ஒருவனும் கை வைக்கவில்லை.

அங்கிருந்து பொலிஸ் கூண்டு. மனைவி சந்திரகாந்தா பக்கத்துத் துணிக்கடை புஹாரி நானாவைக் கூட்டிக்கொண்டு ஓடிவந்தாள். நானா ஸ்டேஷன் வாசலை விட்டு நகரவில்லை. கண்ட பொலிஸ்காரரிடமெல்லாம் இவரை எனக்குத் தெரியும், தெரியும் என்றே சொல்லிக்கொண்டு நின்றார். கடைசியில் விட்டார்கள். எஞ்சினையும் ஓட்டுகிற பெட்டியையும் ஒரு பைக்குள் போட்டுக் கொடுத்தார்கள். நாகமுத்துவின் இடது காது மட்டும் பிறகு சரியாகக் கேட்கவேயில்லை. அந்த எஞ்சினைக் குப்பையில் வீசுங்க என்று சந்திரகாந்தா சொன்னாள். அவனால் முடியவில்லை. எஞ்சின் என்ன செய்தது, பாவம்.

மாணிக்கவாசகம் உள்ளே வந்து நின்றார். "ஞாயித்துக்கிழமை முதலாளி வாறாரு நாகமுத்து. முடிஞ்சிதா?"

நாகமுத்து மேசைமேல் கிடந்த முழ நீளத் தண்டவாளத்தில் எஞ்சினை வைத்து விசையைத் தட்டினான். புகை தள்ளும் சத்தம் எழுந்தது, பிறகு விசில். வலது காதைத் திருப்பி வைத்துக் கேட்டான். மாணிக்கவாசகம் முகம் மலர்ந்து கையை நீட்டினார். நாகமுத்து எஞ்சினை ஒரு அட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடி மடியில் எடுத்துக்கொண்டான்.

"ஏன் சேர் தெரியாதுன்னீங்க?"

மாணிக்கவாசகம் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். "அங்க தமிழன்னு இருக்கிறது நான் ஒருத்தன். போன்ல அந்த சார்ஜன்ட் வயருங்கிறான், சர்க்கிட்டுங்கிறான். தெரியும்னு சொன்னா என்னையும்ல தூக்கியிருப்பான். எனக்கும் புள்ளைங்க இருக்கு."

அதில் பொய்யில்லை. அதுதான் நாகமுத்துவுக்கு இன்னும் எரிந்தது. ஆள் வெறும் அயோக்கியனாக இருந்திருந்தால் லேசாக இருந்திருக்கும்.

"நானும் வேன்ல வாறேன். அந்த செக்பொயின்ட்ல எறங்கி, இவனத் தெரியும், எஞ்சினக் குடுத்தது நான்தான்னு அந்த சார்ஜன்ட் மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. அப்புறம் எடுத்துக்குங்க."

"ஒனக்கென்ன பைத்தியமா?"

"அப்ப முதலாளிகிட்டயும் சொல்லிருங்க, எஞ்சினாவது, அப்படி ஒண்ணத் தெரியாதுன்னு."

மாணிக்கவாசகம் போய் வேன் கதவைத் திறந்துவிட்டார். செக்பொயின்டில் இறங்கியபோது மாணிக்கவாசகத்தின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மணல் மூட்டைக்குப் பின்னால், மீசை இன்னும் சரியாக முளைக்காத ஒரு சிப்பாய். அவனிடம் சிங்களத்தில் முழுவதையும் சொன்னார். தன் பெயர், வேலை, எஞ்சின், வந்த போன், தான் சொன்ன பொய். ஒன்றையும் விடவில்லை. சிப்பாய் அவரைப் பார்த்தான், நாகமுத்துவைப் பார்த்தான். அந்த சார்ஜன்ட்டும் ஆட்களும் வன்னிச் சண்டைக்குப் போய்விட்டார்கள், தனக்கு ஒன்றும் தெரியாது என்றான். வழியை மறைக்காமல் வேனை எடுக்கச் சொன்னான்.

நாகமுத்து அந்த மணல் மூட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். கூண்டுக்குள் படுத்தபடி அந்த சார்ஜன்ட்டுக்கென்று ஒவ்வொன்றாகச் சொற்களை யோசித்து வைத்திருந்தான். திட்டுவதற்குக்கூட அங்கே ஆள் இல்லை.

"சொல்லிட்டேன்தானே, வா" என்று மாணிக்கவாசகம் வேனில் ஏறினார்.

பின்னால் மாத்தளை பஸ் ஒன்று வந்து நின்றது. சனங்கள் பைகளோடு இறங்கிச் சோதனைக்கு வரிசையில் நின்றார்கள். ஒரு பெண் அடையாள அட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் மரக்கறிப் பையை அகல விரித்துக் காட்டினாள். வேன் ஹோன் அடித்தது. நாகமுத்து பெட்டியின் மூடியைத் திறந்தான். பொம்மைதான் என்று இந்தமுறை அவர்கள் வாயாலேயே வரட்டும் என்று, எஞ்சின் வெளியே தெரியும்படி நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றான்.

ஹோன் மறுபடியும் அடித்தது.