தேவதானம் சுந்தரபாண்டியன் மகன்

“மில்லுத் தங்கச்சிமாரோட பாட்டு முடிஞ்சதும் நம்ம மேடைக்கு வருவது, தேவதானம் முன்னாள் ராணுவ வீரர் சுந்தரபாண்டியன் அவர்களின் புதல்வர், ஆட்டக் கலைஞர் விஜயபாண்டி” என்று குழாய் ஸ்பீக்கர் முழங்கியபோது நான் கையில் பாதி வடையோடு உட்கார்ந்திருந்தேன். மீதி வடை தொண்டையிலேயே நின்றுவிட்டது. அந்தச் சுந்தரபாண்டியன் என் வீட்டுக்காரர். ஸ்பீக்கரில் ஒன்றை விழா நடந்த இடத்து வாசல் வேப்பமரத்தில் தெருவைப் பார்த்துக் கட்டியிருந்தார்கள். எதிர்த்த டீக்கடையில்தான் அவர் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

பேரைக் கொடுத்த மகராசி வேறு யாருமில்லை, நான்தான். விழாவை நடத்துகிற கல்பனா ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி, திருநங்கை, நல்ல கணீர்க் குரல். மைக்கில் அறிவிப்பதும் அவள்தான். காலையில் வந்து, “தம்பிய என்னன்னு சொல்லிக் கூப்பிடணும்மா?” என்று கேட்டாள். எங்கள் பக்கம் கபடியானாலும் காதுகுத்தானாலும் ஊர்ப் பேரும் அப்பன் பேரும் இல்லாமல் மைக்கில் ஒருத்தரைக் கூப்பிட்டால் அது மரியாதைக் குறைச்சல். வாய் தானாக ஒப்பித்துவிட்டது. ‘முன்னாள் ராணுவ வீரர்’ என்பதை விட்டுவிடாதே என்று வேறு சொன்னேன். என் வாய்க்கெல்லாம் பூட்டுத்தான் போட வேண்டும்.

விஜயபாண்டி எங்களுக்கு ஒரே பிள்ளை. கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை. பொங்கலுக்கு வந்திருந்தபோது மாட்டுத் தொழுவத்தில் வைத்து என்னிடம், “எனக்குப் பொண்ணு பாக்காதீகம்மா. எனக்கு ஆம்பளைகளத்தான் புடிக்குது. அப்பாட்ட நீங்களே எப்பவாச்சும் சொல்லுங்க” என்றான். சொல்லிவிட்டுப் போனவன் அதன் பிறகு ஊர்ப் பக்கமே வரவில்லை. நானும் அவரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்ல? செருப்பை வாசலில் கோணலாகக் கழற்றிப் போட்டாலே அதட்டுகிற மனுஷர். தெரிந்தால், ‘இனி இந்த வாசல்ல கால வைக்காத’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். இவனும் சரியென்று போய்விடுவான். இரண்டு பேருக்கும் வீம்பு ஒரே அளவு. பிள்ளை இல்லாத வீட்டில் கிடந்து வேகப்போவது நான்தான்.

அதனால்தான், ராஜபாளையத்தில் பூட்டிக் கிடந்த ஒரு ஜின்னிங் பேக்டரியில் பெண்களும் திருநரும் அவனைப் போன்ற பால்புதுமையினரும் சேர்ந்து கலைவிழா நடத்துகிறார்கள், நான் சேலை கட்டி ஆடப்போகிறேன், வந்து பாருங்கம்மா என்று அவன் போனில் கூப்பிட்டபோது, மகளிர் குழு விழா என்று வீட்டில் புளுகிவிட்டேன். பஸ்ஸில் வந்திருப்பேன். மோட்டார் ஸ்டார்ட்டருக்குக் காயில் வாங்கணும் என்று அவரே பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். உள்ளே வந்ததும் எனக்கு எல்லாப் பயமும் மறந்துபோனது. சத்திரப்பட்டித் தறியில் நெய்த பேண்டேஜ் துணியைக் கூரையிலிருந்து தொங்கவிட்டு அதில் பெண்பிள்ளைகள் படம் வரைந்திருந்தார்கள். ஒரு நாடகத்தில் மருமகள்காரி அடுப்படி வேலையை ராஜினாமா பண்ணினாள். உள்ளங்கை எரியக் கைதட்டினேன். இரண்டு பெண்கள் தாங்கள் சேர்ந்து குடித்தனம் பண்ணுகிற கதையைக் கவிதையாக வாசித்தார்கள். வாடகை வீட்டுக்காரம்மாவுக்குப் பயந்து ஒருத்தியை ஒருத்தி ‘சித்தி மக’ என்று சொல்லிக்கொள்கிறார்களாம். சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் ஸ்பீக்கர் என் தலையில் கல்லைப் போட்டது.

வடையைப் போட்டுவிட்டு மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்கு ஓடினேன். பிள்ளை பாவாடை, ரவிக்கையில் ஒரு மஞ்சள் சேலையைப் பாதி சுற்றி, கொசுவத்தைக் கையில் பிடித்தபடி நின்றான். அவனுக்கும் கேட்டிருக்கிறது.

“அப்பா எங்கம்மா இருக்காக?”

“எதுத்தாப்புல டீக்கடைல” என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, அவர் அறை வாசலில் நின்றார்.

மகனை உச்சியிலிருந்து கால் வரை பார்த்தார். மையிட்ட கண், லிப்ஸ்டிக், காதுத் தோடு. அவன் பயத்தில் கொசுவத்தை விட்டுவிட்டான். சேலை காலடியில் சரிந்தது. வெளியே பாட்டு முடியப் போகிறது.

“யாருலே இப்படிக் கட்டிவிட்டது?” என்றார்.

“நானேதாம்பா.”

“ரெண்டு சுத்துச் சுத்துனா அவுந்து விழுந்துரும்லே.” குனிந்து சேலையை எடுத்தார். “ஏட்டி, ஊக்கு இருக்கா?”

நான் மரம் மாதிரி நின்றேன். கல்பனாதான் ஒரு டப்பா ஊக்கைக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் நாலைந்தை எடுத்து வாயில் கவ்விக்கொண்டார். முட்டி போட்டு உட்கார்ந்து கொசுவத்தை விரலிடுக்கில் மடித்து மடித்து அடுக்கினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் கொசுவத்தை ஒரு நாள் பிடித்துவிட்டதில்லை இந்த மனுஷர். எனக்கு அந்த நேரத்திலும் வயிறு எரிந்தது.

“இத எங்க படிச்சீக?” என்றேன்.

ஊக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குத்தினார். ஒன்றே ஒன்று கையில் மிஞ்சியபோது, “பட்டாளத்துல. படாகானான்னு பெரிய விருந்து வைப்பாக. ஆடுறதுக்குப் பொம்பளையாளுக்கு எங்க போக? ஒல்லியா இருக்கான்னு என்னையத்தான் புடிச்சுக் கட்டிவிடுவானுக. வருசா வருசம் நாந்தான். அம்புட்டுப் பேரும் விசிலடிச்சுச் சிரிப்பானுக” என்றார்.

விஜயபாண்டி தலையை நிமிர்த்தவில்லை. “நான் சிரிக்கவைக்க ஆடலப்பா. நான் இப்படித்தான். பொண்ணு கட்ட மாட்டேன். எனக்கு ஆம்பளைகளத்தான் புடிக்குது” என்றான். ஒரு வார்த்தையையும் அவன் முழுங்கவில்லை.

அவர் அந்தக் கடைசி ஊக்கைச் செத்த நேரம் உருட்டிக்கொண்டே இருந்தார். நான் சாமி பேரெல்லாம் மனதுக்குள் வரிசையாகக் கூப்பிட்டேன்.

“எனக்கு அதெல்லாம் வெளங்கல” என்றார். “வெளங்குறப்ப வெளங்கட்டும். இப்பப் போய் ஆடு. தேவதானம் சுந்தரபாண்டியன் மவன்னு மைக்குல சொல்லிட்டாக. பாதியில அவுந்து விழுந்தா எனக்குல்ல கேவலம்.” கடைசி ஊக்கை முந்தானையில் தோளோடு சேர்த்துக் குத்தினார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பொங்கலிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கி, நன்றாக மூச்சு விட முடிந்தது. பிள்ளை ஆடினான். நான் எங்கே ஆட்டத்தைப் பார்த்தேன், சுவரோரம் கையைக் கட்டி நின்றவரைத்தான் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. ஆட்டம் முடிந்து சனம் எழுந்து நின்று கைதட்டியபோது, கட்டிய கையை அவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வெளியே போனார்.

நானும் அவனும் வாசலுக்கு வந்தபோது அவர் பைக்கை உதைத்துக் கிளப்பி வைத்திருந்தார்.

“த்ரீபேஸ் கரண்டு வார நேரமாச்சு. மோட்டாருக்குக் காயில மாட்டித் தண்ணி கட்டணும். ஏறு” என்றார். நான் ஏறப் போனேன். “உன்னையா சொன்னேன்? நீ பஸ்ல வா.”

விஜயபாண்டி என்னைப் பார்த்தான், தன் சேலையைப் பார்த்தான். “துணி மாத்திட்டு வாரேம்பா.”

“கரண்டு உனக்காக நிக்குமாலே? ஏறு.”

டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளை ஒரு பக்கமாகக் காலைப் போட்டு உட்கார்ந்தான். அவர் திரும்பிப் பார்த்து, “முந்தானைய இழுத்து இடுப்புல சொருகு. சக்கரத்துல மாட்டிரும்” என்றார்.

வண்டி எங்கள் ஊருக்குப் போகிற சேத்தூர் ரோட்டில் பஸ்களுக்கு நடுவே போனது. வேகத்தடையில் தூக்கிப் போட்டபோது பிள்ளை ஒரு கையால் அவர் தோளைப் பிடித்தான். அதைத் தாண்டிய பிறகும் கையை எடுக்கவில்லை.