ரே ஸ்டானெக்கின் மகன்

வின்ஸ் பெட்ரில்லோவின் பாரில் அந்த ஏப்ரல் மாதம் வேறு பேச்சே கிடையாது. போன பருவத்தில் நம் அமெரிக்கன் ஃபுட்பால் அணி ஆடிய ஆட்டத்துக்கு ஊரே தலையில் துண்டு போட்டுக்கொண்டு நடந்தது. ஆனால் புது ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுத்துக்கொள்ளும் டிராஃப்டில், கடைசி இடத்தில் வந்த அணிக்குத்தான் முதல் உரிமை. கல்லூரி ஆட்டக்காரர்களில் யாரை வேண்டுமானாலும் முதலில் பொறுக்கிக்கொள்ளலாம். நமக்கு வேண்டியது ஒரு நல்ல குவார்ட்டர்பேக். பந்தை எறியவும் ஆட்டத்தை நடத்தவும் தெரிந்த ஒருவன். இரண்டு பெயர்கள் அடிபட்டன. லூசியானாக்காரன் டேவியன் மோஸ்லி. அடுத்த ஊர்ப் பையன் ப்ரோடி ஸ்டானெக்.

“கையப் பாரு, கைய,” என்றான் கஸ் நோவோட்னி. கூரை போடும் வேலை அவனுக்கு. கழுத்து வரை வெயிலில் சிவந்திருந்தது. “மோஸ்லி இந்தக் கோடியிலேருந்து எறிஞ்சா அந்தக் கோடியில போய் விழுது. ப்ரோடி எறியறதெல்லாம் ஒரு எறியா? என் பொண்டாட்டி குப்பைப் பைய இதவிடத் தூரமா எறிவா.”

“தூரமா எறிஞ்சு என்னடா பண்றது? நம்ம ஆள் கையில விழணும்ல,” என்றார் ஓட்டிஸ். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், எதற்கும் குரலை உயர்த்த மாட்டார். “மோஸ்லி எறியறதுல பாதி எதிராளி கைக்குத்தான் போகுது. அவ்வளவு தாராள மனசு அவனுக்கு. ப்ரோடி அப்படியா? அதுவும் நம்ம பையன். பொறந்ததுலேருந்து நம்மளோட சேந்து தோத்தவன்.”

வின்ஸ் பீர்க் குவளையைத் துடைத்தபடி சிரித்தான். கஸ்ஸுக்குச் சிரிப்பு வரவில்லை. ‘நம்ம பையன்’ என்ற வார்த்தை எங்கேயோ போய்த் தைத்தது.

பையன்மேல் அவனுக்கு ஒரு கோபமும் இல்லை. கோபமெல்லாம் அப்பன்மேல்.

பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கும்போது கஸ்தான் அணியின் குவார்ட்டர்பேக். வெள்ளிக்கிழமை மாலைகளில் ஊர் மொத்தமும் மைதானத்தில் கூடி அவன் பெயரைக் கத்தியது. அடுத்த ஆண்டு ரே ஸ்டானெக்கின் குடும்பம் இந்த ஊருக்குக் குடிவந்தது. பருவம் சூடுபிடிப்பதற்குள் அவன் இடம் ரேக்குப் போய், கஸ் மாற்று ஆளாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ரே மாவட்டக் கோப்பையை வாங்கிக் கொடுத்தான். பள்ளி விருந்தில் மார்லீன்கூட ரேயோடு இரண்டு பாட்டுக்கு ஆடினாள். இரண்டே பாட்டுதான் என்று, கஸ்ஸைக் கட்டிக்கொண்ட பிறகு, அவளும் எத்தனையோ முறை சொல்லிவிட்டாள்.

ரே பிறகு கல்லூரியில் முழங்காலை உடைத்துக்கொண்டு அடுத்த ஊரில் தரைவிரிப்புக் கடை வைத்தான். அதோடு போயிருந்தால் கஸ்ஸும் மறந்திருப்பான். ஆனால் ஒரு நாள் ரேயின் தெருவில் ஒரு வீட்டுக் கூரைமேல் வேலை செய்துகொண்டிருந்தபோது கீழே பார்த்தான். கொல்லையில் ரே ஒரு குட்டிப் பையனுக்குப் பந்து எறியக் கற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தான். பையன் எறிந்த பந்து சுழன்றுகொண்டு நேராகப் போயிற்று, அப்பன் எறிவது போலவே. கஸ் அன்று அடித்த ஆணிகளில் பாதி கோணல். அவனுக்கு இரண்டு பெண்கள். இருவர்மேலும் உயிரையே வைத்திருந்தான். இருந்தும் அந்தக் கொல்லை அவன் கண்ணைவிட்டுப் போகவில்லை.

மறுநாள் மதியம் வண்டியில் சாண்ட்விச் தின்றுகொண்டே வானொலியின் விளையாட்டு நிகழ்ச்சிக்குப் போன் போட்டான். உடனே லைன் கிடைத்தது.

“அந்த ஸ்டானெக் பையன் இருக்கானே, மேல விழ யாராவது ஓடி வந்தா போதும், கண்ண மூடிக்கறான். அவங்கப்பனும் அப்படித்தான். அவனோட ஒண்ணா ஆடினவன் நான், எனக்குத் தெரியாதா? ரத்தத்துலயே பயம் இருக்கு.”

சுத்தப் பொய். ரே ஒவ்வொரு முறை கீழே விழுந்தபோதும் எழுந்து நின்றான். எழக்கூடாது என்று பெஞ்சில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டவன் கஸ்தான்.

மார்லீன் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையில் அந்த வானொலி ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்தவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“வாயில கருவியோட படுத்திருந்த ஆளு, ‘இது உன் புருஷன் குரல்தானே’ன்னு கேக்கறாரு. எனக்கு எங்க போய் மூஞ்சிய வச்சுக்கறதுன்னு தெரியல.”

“என் கருத்தச் சொன்னேன். சொல்லக்கூடாதா?”

“அது கருத்தா? வயித்தெரிச்சல் கஸ். அந்தப் பையன் உனக்கு என்ன பண்ணான்?”

“அந்த ரேயச் சொன்னா உனக்கு ஏன் இவ்வளவு பொத்துக்கிட்டு வருது?”

அவள் கைப்பையை மேசைமேல் வீசினாள். பிறகு மாடிக்குப் போய்விட்டாள். அன்று இரவு உணவை அவனே சுட வைத்துத் தின்றான்.

டிராஃப்டுக்குச் சில நாட்கள் முன்பு, ஒரு சாயங்காலம், பார் கதவைத் திறந்துகொண்டு ரே ஸ்டானெக்கே வந்தான். முடி நரைத்திருந்தது, லேசாக நொண்டினான், ஆனால் அந்தத் தோள்கள் அப்படியே இருந்தன. வின்ஸ் வேகமாக வெளியே வந்து அவன் கையைக் குலுக்கி, பார் கவுண்ட்டருக்கு எதிரே நடுவில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டான். அது கஸ் வழக்கமாக உட்காரும் நாற்காலி. கழிவறையிலிருந்து வந்த கஸ், தன் இடத்தில் ரே உட்கார்ந்திருப்பதையும், ஓட்டிஸ் அவன் சொன்ன எதற்கோ விழுந்து விழுந்து சிரிப்பதையும் பார்த்தான். ஓட்டிஸ் தன்னிடம் இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்தான்.

“வாடா கஸ்,” என்றார் ஓட்டிஸ், குறும்பாக. “ரேகிட்ட நீயே பேசிக்க.”

கஸ் சண்டைக்குத் தயாராகத்தான் வந்து நின்றான். ரே திரும்பிப் பார்த்துக் கையை நீட்டினான்.

“ரேடியோவுல பேசினது நீங்கதானா? பரவாயில்லங்க. ஊர்ல எல்லாரும் ஏதாவது சொல்லத்தானே செய்வாங்க. பையன் பழகிக்கணும்.” பிறகு புருவத்தைச் சுருக்கினான். “ஒண்ணா ஆடினோம்னு சொன்னீங்க. மன்னிச்சுக்கங்க, எனக்குச் சட்டுனு ஞாபகம் வரல. தடுப்பாட்டத்துல இருந்தீங்களோ?”

இத்தனை ஆண்டுகள் கஸ் இந்த மனிதனோடுதான் மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். கூரைமேல், குளிக்கும்போது, மார்லீன் பக்கத்தில் படுத்திருக்கும்போது. அந்த மனிதன் இப்போது அவனை ‘நீங்க’ என்கிறான்.

“குவார்ட்டர்பேக்,” என்றான். “உனக்கு முன்னாடி.”

“அப்படியா?” ரேயின் முகத்தில் கள்ளமே இல்லை. “நான் வந்தப்போ அந்த இடம் காலியா இருந்துச்சுன்னுல்ல நினைச்சேன்.”

அவன் எல்லோருக்கும் ஒரு சுற்று பீர் வாங்கினான். கஸ் தன் குவளையைத் தொடவில்லை.

டிராஃப்ட் நடந்த வியாழக்கிழமை மாலை பார் பிதுங்கி வழிந்தது. தொலைக்காட்சியில் நம் அணியின் முறை வந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். டேவியன் மோஸ்லி என்று அறிவித்தார்கள். பாதிப் பேர் சந்தோஷத்தில் கத்தினார்கள், பாதிப் பேர் எரிச்சலில் தொப்பியைக் கழற்றி வீசினார்கள். வின்ஸ் கஸ்ஸின் முதுகில் ஓங்கித் தட்டினான்.

“சொல்லி அடிச்சிட்டியேடா!”

கஸ்ஸுக்கு உள்ளுக்குள் தேன் ஊறியது. கோழி இறக்கை ஒரு தட்டு வரவழைத்தான்.

ஆனால் டிராஃப்ட் அரங்கில் கேமரா திரும்பத் திரும்ப ஒரே மேசைக்குப் போனது. அங்கே ப்ரோடி, அவன் அம்மா, இறுக்கமான டை கட்டிய ரே. அடுத்த அணி வேறொருவனை எடுத்தது. அதற்கடுத்த அணியும். பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. அந்த மேசையில் மட்டும் யாரும் எழவில்லை. ரே தண்ணீர்க் கோப்பையை எடுத்தான், குடிக்காமல் வைத்தான். பையன் தலை குனிந்திருந்தான். பாரில் கஸ் முதலில் ஒவ்வொரு பெயருக்கும் குஷியாகத் தன் மேசையைத் தட்டினான். பிறகு தட்டுவதை நிறுத்தினான். ரேயின் கை மகனின் முதுகில் மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

“போதும்டா, யாராவது எடுங்களேன்,” என்று ஓட்டிஸ் தொலைக்காட்சியிடம் முணுமுணுத்தார்.

கடைசியில் எடுத்தது பக்கத்து மாநிலத்து அணி. நம்மை வருடத்துக்கு இரண்டு முறை புரட்டி எடுக்கும் பரம எதிரிகள். பார் முழுக்க ஊளைச் சத்தம். திரையில் ரே மகனின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதான். மகன் குனிந்து அப்பனைத் தரையிலிருந்து அப்படியே தூக்கிவிட்டான்.

“நம்ம வீட்டுப் பையன எதிரிக்குத் தாரை வாத்தாச்சு,” என்றார் ஓட்டிஸ். “இப்ப உனக்குச் சந்தோஷம்தானே?”

“நான் கேட்ட ஆளு கிடைச்சான்ல,” என்றான் கஸ்.

“கிடைச்சான். கிடைச்சான்.” ஓட்டிஸ் மேல்சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கூட்டம் மெல்லக் கலைந்தது. அலைவரிசைக்காரர்களுக்கு அந்தக் காட்சி ரொம்பப் பிடித்துப்போயிருக்க வேண்டும். விளம்பரத்துக்கு முன்னும் பின்னும் அதையே போட்டார்கள். ஒவ்வொரு முறையும் கஸ் பார்க்கக்கூடாது என்று தட்டைப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் மகன் அப்பனைத் தூக்கும் இடத்தில் அவன் தலை தானாக நிமிர்ந்தது.

வின்ஸ் ரிமோட்டை எடுத்தான். “ஹாக்கி வைக்கட்டுமா?”

“இருக்கட்டும், விடு,” என்றான் கஸ்.